காற்றில் இருநூற்று முப்பது வோல்ட்

அளவுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் அந்த மையத்தில், எதைத் திறப்பதற்கு முன்பும் அதில் மின்சாரம் இல்லை என்று அங்கீகரிக்கப்பட்ட மீட்டரால் அளந்து உறுதிசெய்ய வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். அதை மதிக்காத முந்தைய மெக்கானிக், அணைத்து வைத்த கருவிதானே என்று உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைத்திருந்த ஒரு கண்டென்சரைத் தொட்டு, எதிர்ச்சுவர் வரை பயணம் செய்தவர். அங்கீகரிக்கப்பட்ட மீட்டர் ஒன்றே ஒன்று இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அந்த மீட்டர் இருநூற்று முப்பது வோல்ட் காட்டியது. அதன் கம்பிகள் இரண்டும் அப்போது எதையும் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

மெக்கானிக்கம்மா மேலதிகாரியிடம் ஓடினாள். அவளுக்கு அவசரம். குழந்தைகள் காப்பகம் ஆறு மணிக்குப் பூட்டிவிடும். ஒன்றரை வயது மகள் ஐந்தரைக்கே பையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள்.

"சார், மீட்டர் பழுது. திறந்து பாக்கணும்."

"அதுல கரண்ட் இல்லன்னு அளந்தீங்களா?"

"எதால சார் அளக்கறது?"

"அங்கீகரிக்கப்பட்ட மீட்டரால."

"அதுதான் சார் பழுது."

"பழுதுன்னு சான்று இருக்கா? இல்லாத வரைக்கும் அது சரியாத்தான் வேலை செய்யுது."

"சார், காத்துல இருநூத்தி முப்பது காட்டுது."

மேலதிகாரி எழுந்து போய் ஜன்னலை மூடினார். "அப்போ காத்துலயும் இருக்கு."

பாதுகாப்பு கருதி அனைத்தும் அளக்கப்பட்டன. மேசை இருநூற்று முப்பது. கோப்பு அடுக்கு இருநூற்று முப்பது. ஆறிப்போன டீயும் அதே. மேலதிகாரி தன்னை அளக்கச் சொன்னார்; வந்த அளவைக் கேட்டுச் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்து ஸ்டோர்காரருக்கும் இருநூற்று முப்பது என்றதும் மேலதிகாரியின் முகம் சுருங்கியது.

"எனக்கும் இவருக்கும் ஒரே அளவா?"

"எனக்கு இருநூத்திப் பத்துன்னு எழுதிக்கறேன் சார்," என்றார் ஸ்டோர்காரர், பணிவாக.

ஐந்து மணிக்குச் சுற்றறிக்கை வந்தது. மின்னழுத்தம் உள்ள ஊழியர் எவரும், அது நீங்கும்வரை, பொதுமக்கள் நலன் கருதி வளாகத்தை விட்டு வெளியேறலாகாது.

"சார், என் பொண்ணு காத்துக்கிட்டிருப்பா."

"குழந்தையத் தூக்கற கையாம்மா அது? இருநூத்தி முப்பது."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். காலையில் இதே கையால்தான் பிள்ளைக்குத் தலை வாரினாள். படித்த பெண்தான்; ஆனாலும் கைகளை ஒருமுறை உடுப்பில் துடைத்துக்கொண்டாள். மணி ஐந்து முப்பத்தைந்து. மீட்டரின் குமிழைத் திருப்பி அணைத்தாள்.

"இப்போ எவ்வளவு சார் காட்டுது?"

மேலதிகாரி குனிந்து பார்த்தார். "ஒண்ணும் காட்டல."

"அப்போ யார்கிட்டயும் ஒண்ணும் இல்ல சார்."

அறை முழுவதும் பெருமூச்சு. "இனிமே எல்லாச் சோதனையும் மீட்டரை அணைச்சுட்டுத்தான்," என்றார் மேலதிகாரி. "கண்டுபிடிச்சவங்களே சான்றுல கையெழுத்துப் போடட்டும்."

தான் எதில் கையெழுத்திடுகிறோம் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். போட்டுவிட்டு ஓடினாள். ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது மகளை அள்ளிக்கொண்டாள்.

புதிய முறை ஊர் முழுக்கப் பரவி அமோக வெற்றி பெற்றது. எந்த அலுவலகத்திலும், எந்த இயந்திரத்திலும், மின்கசிவென்று ஒன்று கண்டுபிடிக்கப்படவே இல்லை. எல்லாவற்றின் மீதும் சான்று ஒட்டினார்கள்.

ஒரு மாதம் கழித்து, காப்பகத்தின் தண்ணீர் இயந்திரத்துக்கு முன்னால் பெற்றோர் வரிசை. ஆயா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு குழாயைத் திறந்தாள்.

"எதுக்குத் துணி?" என்றாள் மெக்கானிக்கம்மா.

"வெறுங்கையில தொட்டா சுருக்குனு இழுக்குதும்மா."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"எதுக்கு? அதான் சோதிச்சு ஒட்டிட்டுப் போயிருக்காங்களே."

சான்றின் அடியில் அவளுடைய கையெழுத்து, அழகாக அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே மகள், கையில் குவளையோடு, குழாயை எட்டிக்கொண்டிருந்தாள். பாய்ந்து பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டவள், "முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. இதுல கரண்ட் கசியுது," என்றாள்.

"நல்லாப் படிச்சுப் பாருங்கம்மா, இல்லன்னு போட்டிருக்கு. நீங்க யாரு அதைச் சொல்றதுக்கு?"

அவள் வாயைத் திறந்தாள். சொன்னால் கையெழுத்தையும் சொல்லவேண்டும்.

அதற்குள் பின்னால் நின்ற அம்மாக்காரி அவள் தோளைத் தட்டினாள். தட்டியவளின் கையில் ஓரம் தைத்த பூப்போட்ட துணி. வரிசையில் எல்லார் கையிலும் அதே மாதிரி. "துணி கொண்டு வரலையா? கோபப்படாதீங்க," என்றாள் அன்பாக. "என்கிட்ட ரெண்டு இருக்கு. கடையில பாப்பா அளவுலயும் வந்திருக்கு."