காத்து நானாவைத் துரத்திய பலூன்

காற்றடித்துப் பிழைத்துக்கொண்டு காற்றுக்கே நடுங்கிய மனிதர் மாத்தளை மாவட்டத்திலேயே ஒருவர்தான். என் போன் ரிப்பேர் கடைக்குப் பக்கத்தில் டயர்க்கடை வைத்திருக்கும் அவருக்கு உம்மா, வாப்பா வைத்த பெயரை யாரும் விசாரித்ததில்லை. அண்ணன் முறையில் எல்லாருக்கும் காத்து நானா, அவ்வளவுதான்.

ஒருநாள் தம்புள்ளைக்குப் போகிற மரக்கறி லொறியின் டயர், அவர் காற்றடித்துக்கொண்டிருக்கும்போதே வெடித்தது. நான் மேசைக்கடியில் கிடந்தேன். நானா காதைக் குடைந்துகொண்டு, பிளேன்டீயில் விழுந்த தூசியை விரலால் எடுத்தார்.

"டயர்தானே தம்பி. அதுக்கும் வயசு போகும்."

அதே மனிதர், நான் கடையைப் பெரிதாக்கி வாசலில் பலூன் கட்டிய அன்று வந்தார், பார்த்தார், தன் கடை ஷட்டரை இழுத்துவிட்டார்.

"ஒரு ஜனாஸா ஈக்கி. போய்ட்டு வாறேன்."

ஊரில் யாரும் இறக்கவில்லை. பலூன்களெல்லாம் சுருங்கித் தொங்கும்வரை அந்த ஜனாஸா முடியவுமில்லை.

காரணத்தை அவருடைய அக்காதான் போட்டு உடைத்தார். சின்ன வயதில் ஒரு ஹஜ் பெருநாளன்று நானாவின் கையிலிருந்த பலூன் வெடிக்க, குர்பானிக்குக் கட்டியிருந்த மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு அவரைத் தெருத்தெருவாகத் துரத்தியதாம்.

"பொய். எனக்கு ஞாபகமே இல்ல லாத்தா," என்றார் நானா.

"உனக்கு இல்லாட்டி என்ன? உன்ட காலுக்கு ஞாபகமீக்கி."

உண்மைதான். மாட்டை மறந்த மனசு பலூனை மறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஓடினார், ஒவ்வொரு முறையும் தப்பினார். ஓடியதால்தான் உயிர் தப்பியது என்று உள்மனசு தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டது. பயத்துக்குத் தீனி போட்டு வளர்த்தது அந்த ஓட்டம்தான்.

போன மாதம் பாலர் பாடசாலைக் கலைவிழா. என் மகளும் அவர் பேத்தியும் ஒரே வகுப்பு. முடிவில் பிள்ளைகள் ஆளுக்கொரு பலூனுடன் மேடையில் நின்றார்கள். வீட்டு ஆட்கள் ஏறிப்போய்க் கூட்டி வரவேண்டும். நானாவின் மருமகன் கட்டாரில், மகள் காய்ச்சலில். மேடை காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியாக அந்தச் சின்னது மட்டும், சிவப்புப் பலூனோடு, உதட்டைக் கடித்துக்கொண்டு.

நானா எழுந்தார். கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலிகளில் முட்டி மோதி மேடையேறி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பலூன் அவர் மூக்கை உரசிக்கொண்டே வந்தது. வேர்வையில் சேர்ட் ஒட்டிப்போயிற்று.

வாசல் கேட் கம்பியில் பட்டு அது வெடித்தது.

நானாவின் கால்கள் ஓட்டத்துக்குக் கிளம்பியே விட்டன. ஆனால் கையில் பிள்ளை. அவள் முகம் கோணி, கண் நிறைந்து, அழப்போகும் நேரம். அந்த முகத்தைப் பார்த்தார். சட்டென்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"பாத்தீங்களா புள்ள, பலூன் நம்மளோட பகிடி விடுது!"

பிள்ளை திகைத்தாள். பிறகு அவளும் சிரித்தாள். "இன்னொன்டு வேணும்!"

"இன்னொன்டா?" குரல் கீச்சென்று போனது. ஆனாலும் கேட்டருகே நின்ற பலூன்காரன் பக்கம் திரும்பினார்.

நான் ஒரு கையில் என் மகளையும் மறு கையில் அவர் கையையும் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.