மாரியாயி வீட்டைப் பெருக்கிய குற்றம்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்.
பவ வருஷம், ஐப்பசி மாதம், அடைமழை.

கிள்ளானில் பலகைக் கொட்டகை வைத்து, வீடு கட்டுவோருக்கு மரமும் புத்திமதியும் ஒருசேர வழங்கிவரும் என் மச்சான் சபாபதி அவர்களுக்கு, சாக்கு வியாபாரி அய்யாவு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை சீதாலெட்சுமியும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம். எங்கள் தலைக்கு மேலே இருக்கும் கூரையின் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று தெரிவிக்கவும். ஏணி ஏற முடியுமா என்பதையும் சேர்த்துத் தெரிவிக்கவும். காரணம் கீழே வருகிறது.

மச்சான், நான் குழம்பிப் போயிருக்கிறேன். சாக்கு வியாபாரத்தில் எனக்குக் குழப்பம் வந்ததே இல்லை. சாக்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓட்டை தெரியும். தெரிந்தால் ஒரு விலை, தெரியாவிட்டால் ஒரு விலை, அவ்வளவுதான். இந்த வீட்டுக் கமிட்டி விவகாரத்தை எந்தப் பக்கம் பிடித்துப் பார்த்தாலும் என் முகம்தான் தெரிகிறது.

ஏழை ஜனங்களுக்குக் குறைந்த வாடகையில் கொடுக்க, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் சர்க்கார் ஒரு வரிசை புது வீடு கட்டியிருக்கிறது. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, வாசலில் குழாய். வீடு கொஞ்சம், கேட்கிறவர்கள் ஊர் முழுக்க. யாருக்குக் கொடுப்பது நியாயம் என்று தீர்மானிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் ஒரு துரை, தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு சீன முதலாளி, எழுதிக்கொள்ளவும் துரைக்கு நம் பேச்சைச் சொல்லவும் டொமினிக் கிராணி, நம்மவர்கள் சார்பில் நான். ஏன் நான் என்று கேட்காதீர்கள். கோட்டு வைத்திருக்கிற தமிழ் வியாபாரி அன்றைக்கு ஊரில் வேறு யாரும் இல்லை.

முதல் கூட்டத்தில், கட்டின செலவுக்குப் பணம் எங்கிருந்து வருவது என்று பேச்சு. வீட்டு வரியைக் கூட்டி அதிலிருந்து எடுக்கலாம் என்றார் துரை. எனக்கு வந்ததே கோபம்! என் வீட்டின் பின்பக்க அறைகளில் ஐந்தாறு குடித்தனங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். என் வரியில் வீடு கட்டி என் குடித்தனக்காரனையே கூட்டிக்கொண்டு போவது, என் கோழியை அறுத்து எனக்கே விருந்து வைத்து அதற்கு என்னிடமே மொய் வாங்குகிற மாதிரி இருக்கிறது, கூலிக்கு ஆள் வைக்கிற முதலாளிதான் அவனுக்கு வீடும் கொடுக்க வேண்டும் என்று எழுந்து நின்று முழங்கிவிட்டேன். அந்தத் தவுக்கே பல்லைக் குத்திக்கொண்டே, "உன்கிட்ட சாக்குத் தைக்கிற ஆளுங்க எங்க படுக்கிறாங்க?" என்று கேட்டார். "சாக்கு மேல" என்றேன். டொமினிக் கிராணி அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில், வாடகையை ஒழுங்காகக் கட்டுகிறவனுக்குத்தான் வீடு என்றார் தவுக்கே. நான், இல்லை, இப்போது இருக்கிற இடம் எவ்வளவு மோசமோ அவ்வளவு முன்னால் அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். துரைக்கு அது பிடித்துவிட்டது. நான் அப்படிப் பேசியது மாரியாயியை நினைத்துத்தான் மச்சான். ரோட்டு வேலைக்குக் கல் உடைக்கப் போகிற விதவை, இரண்டு பெண் குழந்தைகளோடு என் வீட்டின் பின்கோடி அறையில் இருக்கிறாளே, அவள்தான். மழை பெய்தால் படுக்கையிலேயே சொட்டும். மூத்தவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, இந்த மழைக்காலத்தையும் அந்த ஈரத்திலேயே கழித்தால் பிழைக்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கூரையை நீயே மாற்றியிருக்கலாமே என்பீர்கள். தகரத்துக்கு உங்களிடம்தானே விலை கேட்டேன்? நீங்கள் சொன்ன விலையைக் கேட்டு மழையே நின்றுவிட்டது.

இனிமேல்தான் கூத்து. மோசமான வீட்டுக்காரனுக்கே முதல் இடம், துரையே நேரில் வந்து பார்ப்பார் என்று செய்தி பரவியதும், ஊரில் அவனவன் வீட்டை மோசமாக்க ஆரம்பித்தான். என் குடித்தனக்காரன் சின்னையா சுவரில் இரண்டு பலகையைப் பிடுங்கிவிட்டு, அறைக்குள்ளே ஆட்டைக் கட்டினான். என்னிடமே வந்து, "அண்ணே, ஒரு நாளைக்கு ஒங்க வாத்தையும் குடுங்கண்ணே, பாக்க நல்லா இருக்கும்" என்கிறான். மாரியாயியிடம் நான் முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னேன்: "துரை வர்றப்ப ஒண்ணையும் தொடாத. கெடக்கறது கெடந்தபடி கெடக்கட்டும்." சரி என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் துரையோடு போய்ப் பார்த்தால், எனக்கே அது யார் அறை என்று அடையாளம் தெரியவில்லை. தரை மெழுகி, வாசலில் கோலம் போட்டு, மாவிலைத் தோரணம் கட்டி, பிள்ளைகளுக்குத் தலை பின்னி, நடுவில் ஒரு நாற்காலி. நாற்காலி என்னுடையது. அதன் மேல் விரித்த பட்டுச்சேலை உங்கள் தங்கையுடையது. பித்தளை விளக்கு நீங்கள் சீர் கொடுத்தது. சொட்டுகிற இடத்துக்குக் கீழே வைக்கிற சட்டி பானையெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. அன்றைக்கு மழையும் இல்லை. துரை உட்கார்ந்தார், காப்பி குடித்தார், "வெரி நைஸ்" என்று சொல்லிவிட்டு மாரியாயியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தார். சின்னையாவின் ஆட்டைப் பார்த்து உச்சுக்கொட்டி, அவனுக்கு வீடு எழுதினார்.

அவர் போனதும் நான் கத்தினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வீடு தேடி வர்ற மனுசன குப்பையில நிக்கவைக்கச் சொல்றீங்களாண்ணே? என்னால ஆவாது" என்றாள். உங்கள் தங்கையோ, "நல்லாக் கேளு மாரியாயி. என்னங்க, ஒரு நாற்காலி கூடப் போடலன்னா நமக்குத்தானே அசிங்கம்?" என்கிறாள். இப்போது சொல்லுங்கள், தப்பு யாருடையது? ஏழை தன் வீட்டை நாறவிட்டுக் காட்டினால்தான் வீடு என்று விதி எழுதினவன் நான். அந்த வெட்கத்துக்கு அவள் சம்மதிக்கவில்லை. அவ்வளவுதானே?

மூன்றாம் கூட்டத்தில் துரை, இவ்வளவு நல்ல அறைகளை வாடகைக்கு விடும் அய்யாவுக்கு நன்றி என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து, அது நல்ல அறை இல்லை என்றேன்.

"நானே உட்கார்ந்து பார்த்தேனே?" என்று டொமினிக் மூலமாகக் கேட்டார் துரை.

"நீங்க ஒக்காந்தது என் நாற்காலிங்க. வெளக்கு என் சம்சாரத்தோடது. அந்த அறைக்குன்னு சொந்தமா இருக்கறது கூரையில உள்ள ஓட்டை மட்டுந்தானுங்க."

"அப்போ ஓட்டை அறைக்கு எப்படி வாடகை வாங்கறே?" என்றார் தவுக்கே.

"ஓட்டைக்குத் தனியா வாங்கலையே!"

வரி கட்டுகிறவனாக யோசித்தால் அந்த வீடுகளைக் கட்டியிருக்கவே கூடாது. வீட்டுக்காரனாக யோசித்தால் கட்டின வீட்டுக்கு யாரும் போகக் கூடாது. மாரியாயியின் பிள்ளை இருமுவது காதில் விழுந்தால் இன்னும் நாலு வரிசை கட்ட வேண்டும். மூன்று பேரும் ஒரே கோட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள் மச்சான், எவன் எப்போது எழுந்து பேசுவான் என்று எனக்கே தெரியவில்லை.

கடைசியில், கூரை மோசம் என்று மரவேலை தெரிந்த ஒருவர் வந்து சொன்னால் மாரியாயியின் பெயரை மறுபடி சேர்க்கலாம் என்றார் துரை. ஆகையால் வரும் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்து, கூரை மேல் ஏறி, உள்ளதை உள்ளபடி சொல்லவும். என் வீட்டைக் குறை சொல்ல நீங்கள் இதுவரை அனுமதி கேட்டதில்லை. இந்த முறை நானே வேண்டிக் கேட்கிறேன்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசீர்வாதம். முருகன் எல்லார் தலையையும், தலைக்கு மேலே இருப்பதையும் காப்பாற்றட்டும்.

தங்கள் அன்புள்ள,
அய்யாவு

பின்குறிப்பு: மழையில் தபாலாபீசுக்குப் போக முடியாமல் இந்தக் கடிதம் என் கோட்டுப் பையிலேயே கிடந்துவிட்டது. அதற்குள், கொட்டுகிற மழையில் துரை தானாகவே வந்து மாரியாயி அறைக்குள் நின்றார். உள்ளே போயும் குடையை மடக்கவில்லை. உடனே அவளுக்கு வீடு கொடுத்துவிட்டார், குடியும் போய்விட்டாள். ஆனால் என் வீடு முழுக்க ஒரே கூரையாம், ஆகவே முன்பக்கச் சாக்குக் கடை உட்பட மொத்தமும் குடியிருக்க லாயக்கில்லை என்று என்னையும் உங்கள் தங்கையையும் அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவும். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, அது கிள்ளான் முதல் கோலாலம்பூர் வரை தேடினாலும் கிடைக்காத கூரை என்று சொல்லவும். பதில் போடுவதானால் பழைய விலாசத்துக்கு வேண்டாம். மாரியாயி வீடு, புது வரிசை, என்று போடவும். முன் அறையில் எங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறாள். வெளியாள் தங்கக் கூடாது என்று விதி இருப்பதால், யாராவது கேட்டால் நான் அவளுக்கு உடன்பிறந்த அண்ணன் என்று சொல்லவும். மூத்த பெண்ணுக்கு இருமல் குறைந்து நன்றாகத் தூங்குகிறாள். நான் விடுகிற குறட்டையைப் பற்றித்தான் புகார் வந்திருக்கிறது.