எண்பது நாரும் மூன்று சுயம்புகளும்

ஒரு காட்டில் சிங்கம் அரசாண்டது என்று சொல்லத் தொடங்குமுன், அங்கிருந்த அலுவலகத்தை ஒருமுறை வணங்கிவிடுவது நல்லது. சிங்கம் ஆண்டுக்கு இருமுறை கர்ச்சிக்கும். மற்ற நாள்களில் ஆண்டது அலுவலகமே. எல்லாம் வல்ல இறைவன் புல்லைப் படைத்தான், மழையைப் பொழிந்தான், ஈடாக எதையும் கேட்க மறந்துவிட்டான். அந்தக் குறையை அலுவலகம் தீர்த்துவைத்தது. எவ்வுயிர் கூடு கட்டினாலும் வளை தோண்டினாலும், அதற்காகக் கொண்டுவரும் பொருளில் பத்தில் ஒன்றை ஆற்றங்கரைச் சாவடியில் வரியாகச் செலுத்த வேண்டும் என்பது விதி.

அந்த விதிக்குள் கருணையும் ஒரு மூலையில் இருந்தது. தன் வீட்டைத் தானே கட்டி அதில் தானே குடியிருக்கும் உயிர், கட்டி முடித்தபின் விண்ணப்பித்தால், செலுத்திய வரி முழுவதும் திருப்பித் தரப்படும். இதை ஒரு தேக்கிலையில் எழுதி ஆலமரத்தடியில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய நாள்முதல் அதை முழுவதும் படித்த ஒரே உயிர் பீதாம்பரம் என்னும் தூக்கணாங்குருவி.

பீதாம்பரத்துக்குத் தலையில் மஞ்சளும் நெஞ்சில் நேர்மையும் இருந்தன. இரண்டையும் மறைக்கத் தெரியாது. குளத்தின்மேல் சாய்ந்திருந்த ஈச்சமரத்தில் கூடு கட்டுவதென்று தீர்மானித்து, கோரையும் நாணலும் கிழித்து எண்ணூறு நார் சேர்த்தான். சாவடியில் எவரும் கேட்பதற்குமுன் எண்பதை எண்ணி வைத்தான். சாவடிக் காவலரான முள்ளம்பன்றி அத்தகைய உயிரை அதுவரை கண்டதில்லை. பதற்றத்தில் ரசீதைத் தம் முதுகில் குத்திக்கொண்டு, பிறகு தேடியெடுத்துக் கொடுத்தார்.

தூக்கணாங்குருவிக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்குருவி பாதிக் கூட்டைக் கட்டி நிறுத்திவிட்டுச் சிறகடித்துப் பெண்குருவியை அழைப்பான். அவள் வந்து அலகால் இழுத்தும் காலால் உதைத்தும் பார்ப்பாள். பிடித்தால் குடியேறுவாள், அதன்பிறகே அவன் மீதியைக் கட்டலாம். பிடிக்காவிட்டால் கூடு அப்படியே தொங்கும், கட்டியவன் முகமும் அப்படியே தொங்கும். அமிர்தவல்லி ஏற்கெனவே இருவர் கூடுகளைத் தள்ளியவள். பீதாம்பரத்தின் கூட்டுக்குள் தலைகீழாகத் தொங்கி ஒரு முகூர்த்த நேரம் ஆராய்ந்தாள். மண்பூச்சு சுமார், காற்றோட்டம் பரவாயில்லை என்று தீர்ப்புச் சொல்லிக் குடியேறினாள். அடுத்த வாரத்துக்குள் மூன்று முட்டைகளும் இட்டாள்.

மிச்சமிருந்தது வாயிற்குழல் ஒன்றுதான். கூட்டின் அடியிலிருந்து ஒரு முழம் நீண்டு தொங்கும் அந்தக் குழலே தூக்கணாங்குருவிக்குக் கதவு. அது இல்லாத கூட்டுக்குள் பாம்பு தன் வீட்டுக்குள் போவதுபோலப் போய்வரும். குழல் பின்ன எண்பது நார் வேண்டும். அதற்குள் ஆற்றங்கரைப் புல்லை எருமைகள் மேய்ந்து தீர்த்துவிட்டன. எஞ்சியது வெயிலில் காய்ந்து, தொட்டால் நொறுங்கிற்று. காட்டில் வளையும் நார் இருந்த ஒரே இடம் அலுவலகக் கிடங்கு. அங்கே வரி நாரை நாள்தோறும் நீர் தெளித்துக் காத்துவந்தார்கள். எதற்காகக் காத்தார்கள் என்பது எவருக்கும் தெரியாது.

பீதாம்பரம் கலங்கவில்லை. இலையில் எழுதியிருப்பது பொய்க்காது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஆலமரத்தடிக்குப் பறந்தான்.

அங்கே அதிகாரியாக வீற்றிருந்தவர் கூர்மநாதர் என்னும் ஆமை. வீட்டை முதுகிலேயே கொண்டு பிறந்தவர். வீடு கட்டுவது இன்னதென்று அறியாதவர் ஆகையால் நடுநிலை பிறழமாட்டார் என்று கருதி அவரை அப்பதவியில் அமர்த்தியிருந்தார்கள். வரிசையில் பீதாம்பரத்துக்கு முன்னால் ஒரு குயில் நின்றது. தன் பிள்ளைகள் வளரும் நான்கு வீடுகளுக்கு வரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அது கூவியபடி சென்றது. நான்கும் காகங்கள் கட்டியவை. குயிலின் தாள்களைப்போல ஒழுங்கான தாள்களைத் தாம் கண்டதில்லை என்று கூர்மநாதர் வியந்தார்.

பிறகு பீதாம்பரத்தின் படிவத்தை வாங்கி, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். கூட்டின் சுவரில் களிமண் வைத்து ஒட்டிய மின்மினி கட்டுமானத்தில் சேராது என்று முதலில் அடித்தார். கழற்றி எடுத்துப் போகக்கூடியது என்பது காரணம். பின்பு ரசீதைக் கேட்டார்.

“வடக்குச் சுவரில் இருக்கிறது ஐயா. நல்ல அழுத்தமான இலையாக இருந்தது. பின்னிவிட்டேன்” என்றான் பீதாம்பரம்.

கூர்மநாதர் அடுத்த கட்டத்துக்குப் போனார். “வீடு முடிந்ததா?”

“குழல் மட்டும் மிச்சம். அதற்குத்தான் அந்த எண்பது நார்.”

“முடியாத வீட்டுக்கு வரி திரும்பாது.”

“வரி திரும்பாமல் வீடு முடியாது ஐயா.”

“இரண்டும் சரியாகவே இருக்கின்றன” என்று கூர்மநாதர் மகிழ்ந்து, இரண்டையும் குறித்துக்கொண்டார்.

ஆயினும் அவரிடம் ஒரு வழி இருந்தது. ஆய்வாளர் நேரில் வருவார். கூட்டுக்குள் புகுந்து, வடக்குச் சுவரில் ரசீதைப் படித்து, வீடு குடியிருக்கத் தக்கது என்று எழுதிக்கொடுத்தால் குழல் இல்லாமலேயே நிறைவுச் சான்று கிடைக்கும். ஆய்வாளர் யார் என்று பீதாம்பரம் கேட்டான். சேஷாசலம் என்றார் கூர்மநாதர். குளக்கரையில் வாழும் சாரைப்பாம்பு அவர். எந்த வீட்டுக்குள்ளும் புகுந்து பார்க்கும் திறமையால் அப்பதவிக்கு உயர்ந்தவர்.

வீடு திரும்பிய பீதாம்பரம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். அமிர்தவல்லி முட்டைகளின்மேல் இருந்தபடியே கேட்டாள்.

“முட்டை இருப்பதை எழுதவில்லையே?”

“குடியிருப்போர் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருந்தது. இருவர் என்றும், வரவிருப்போர் மூவர், தற்சமயம் ஓட்டுக்குள் என்றும் எழுதினேன்.”

“எந்த நேரத்தில் நான் வெளியே போவேன் என்பதையும் எழுதியிருக்கலாமே. அதற்குக் கட்டம் இல்லையா?”

கட்டம் இருந்தது. அதையும் அவன் நிரப்பியிருந்தான். அதைச் சொல்லாமல் விட்டதே அவன் வாழ்வில் செய்த முதல் மறைப்பு.

மறுநாள் காலையில் அமிர்தவல்லி அவனை முள்முருங்கைப் பூவைப் பறித்துவந்து கூட்டைச் சுற்றிச் செருகச் சொன்னாள். காட்டுத்தீயில் எரிந்த மரத்திலிருந்து வெண்சாம்பல் கொண்டுவந்து முட்டைகளுக்கு மும்மூன்று கோடாக இட்டாள். அது வீடில்லை, கோயில். அவை முட்டைகள் அல்ல, சுயம்புலிங்கங்கள் என்று அணில்களிடமும் மைனாக்களிடமும் சொல்லியனுப்பினாள். பொய் சொல்லலாம், அதைத் தெய்வத்தின் பெயரால் சொல்லலாமா என்று பீதாம்பரம் கேட்டான்.

“இறைவன் இல்லாத இடமே இல்லை என்று விடியற்காலையில் ஊரை எழுப்பிப் பாடுகிறீர்களே, முட்டைக்குள் மட்டும் இல்லையா? இல்லையென்றால் சொல்லுங்கள், திருநீற்றை அழித்துவிடுகிறேன்” என்றாள்.

பீதாம்பரம் பூவைச் செருகப் போனான். அதற்கு மறுமொழி இன்றுவரை எவருக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் சேஷாசலம் குறிப்பேட்டோடும் பசியோடும் மரமேறினார். மேலே அவர் எதிர்பார்த்தது அமைதி, கண்டது பஜனை. கிளைகளெங்கும் அணில்களும் மைனாக்களும் கொட்டாவியை அடக்கிய ஓர் ஆந்தையும் அமர்ந்திருந்தன. அமிர்தவல்லி வாயிலில் நின்று வணங்கி, ஆய்வாளர் குளித்துவிட்டு வந்திருப்பார் என்று நம்புவதாகச் சொன்னாள்.

சேஷாசலம் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். “லிங்கங்கள் வழுவழுப்பாக இருக்கின்றனவே, அம்மணி.”

“அபிஷேகம் ஓயாமல் நடந்தால் அப்படித்தான் ஆகும்.”

“ஒன்று அசைவதுபோலத் தெரிகிறது.”

“புண்ணியம் செய்த கண்ணுக்குத் தெரியும். தங்களுக்குத் தெரிவதில் வியப்பென்ன? தங்கள் குலத்தார் சிவபெருமான் கழுத்திலேயே குடியிருப்பவர்கள். தாங்களே கருவறைக்குள் நுழைந்தால் மற்ற உயிர்களை நான் என்ன சொல்லித் தடுப்பேன்?”

நுழைந்தே தீருவேன் என்று சொல்லச் சேஷாசலத்தின் நாக்கின் இரண்டு பிளவும் துடித்தன. ஆனால் அத்தனை கண்களும் அவரையே பார்த்தன. பாம்பு லிங்கத்தை விழுங்கியது என்ற பேச்சு கிளம்பினால் உத்தியோகம் என்னாகும் என்று எண்ணிப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். அமிர்தவல்லி அதில் திருநீறு பூசினாள். அவர் குறிப்பேட்டைத் திறந்து, இதைக் கட்டியது யார் என்று கேட்டார்.

“யாரும் கட்டவில்லை. தானாகத் தோன்றியது.”

எண்ணூறு நாரையும் கிழித்து அலகு தேய்ந்த பீதாம்பரம் பக்கத்துக் கிளையில் இருமினான். சேஷாசலம் எழுதிக்கொண்டார். இறங்கும்போது அமிர்தவல்லியிடம் மட்டும் கேட்கும்படி, மூன்றாம் நாள் பிரதோஷம், அன்று நீராடிவிட்டு வருவதாகவும், கூட்டமில்லாமல் தனியாகச் சேவிப்பதே தமக்குப் பிடிக்கும் என்றும் சொன்னார்.

இரண்டரை நாள் இருந்தது. பக்தர்கள் பழம் கொண்டுவந்தார்கள், பூ கொண்டுவந்தார்கள்; நார் ஒருவரிடமும் இல்லை. பீதாம்பரம் மறுபடியும் ஆலமரத்தடிக்குப் பறந்தான். கூர்மநாதரின் முன்னால் ஆய்வாளரின் அறிக்கை இருந்தது.

“கட்டியவர் எவருமில்லை என்று எழுதியிருக்கிறது. எவருமே கட்டாத வீட்டின் வரியை எவரிடம் தருவது?”

“நான்தான் கட்டினேன் ஐயா. இந்த அலகைப் பாருங்கள்.”

“நீர் கட்டினீர் என்றால் அது கோயிலன்று. கோயிலன்று என்றால் இந்தக் காட்டையே ஏமாற்றியவர் ஆவீர். எப்படி எழுதட்டும்?”

பீதாம்பரம் மூன்று ஓடுகளை நினைத்தான். “நான் கட்டவில்லை” என்றான். கூர்மநாதர் விண்ணப்பத்தை நிராகரித்து முத்திரையிட்டார்.

முத்திரை காய்ந்ததும் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். சற்றுப் பொறுத்து அது வெளியே வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது.

“குருவியாரே, இது என் சொந்த விஷயம். என் பதவி உயர்வுக் கோப்பு பதினாறு ஆண்டாக நகரவில்லை.”

“யாரிடம் தங்கியிருக்கிறது ஐயா?”

“என்னிடம்தான்.”

இப்படிச் சொல்லிவிட்டுக் கிடங்குக்குள் ஊர்ந்து சென்று, ஒரு நாரை வாயில் கவ்விக்கொண்டு வந்தார். சந்நிதியில் தம் பெயரைச் சொல்லி வேண்டுதலாகக் கட்டிவிடும்படி கேட்டுக்கொண்டார். வரி நாரை எடுக்கலாமா என்று பீதாம்பரம் தயங்கினான். திருப்பித் தருவதற்குத்தான் ஆயிரம் விதி, காணிக்கை செலுத்துவதை எந்த விதியும் தடுக்கவில்லை என்று கூர்மநாதர் விளக்கினார்.

அதைக் கேட்டிருந்த முள்ளம்பன்றி தம் மகளின் திருமணத்துக்காக இரண்டு நார் எடுத்துவந்தார். எழுத்தராகிய கீரிக்கு வயிற்றுவலி. காவல் நரிக்கு இடமாற்றம் வேண்டும். மாலைக்குள் கிடங்கு காலியாயிற்று. நார்களை எங்கே கட்டுவது விசேஷம் என்று எல்லோரும் கேட்டார்கள். வாயிலில், ஒன்றோடொன்று நெருக்கமாக என்றான் பீதாம்பரம். எண்ணிப் பார்த்தபோது தொண்ணூற்று மூன்று இருந்தன. அவன் செலுத்தியதைவிடப் பதின்மூன்று கூடுதல். திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று அவன் தொடங்கியபோது அமிர்தவல்லி பார்த்த பார்வையில் குழலின் பின்னலைத் தொடர்ந்தான்.

பிரதோஷ வேளையில் சேஷாசலம் நீராடித் தனியாக மரமேறினார். குழலின் விளிம்பைப் பற்றினார், ஈர நார் வழுக்கியது, குளத்தில் விழுந்தார். மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். மூன்றாம் முறை முழுகி எழுந்து கரையில் சுருண்டு, தம் குறிப்பேட்டில் எழுதினார்: “சந்நிதிக்கு வழி இருக்கிறது. வழிபடுவோனுக்குத் தகுதி இல்லை.” அந்த மரத்தின் பக்கம் அவர் அதன்பின் வரவில்லை.

பத்தாம் நாள் ஓடுகள் வெடித்தன. சாமி வாயைத் திறந்தது என்று காடே திரண்டது. மூன்று சாமிகளும் ஓயாமல் கத்தின. பக்தர்கள் புழு நைவேத்தியம் படைத்துப் படைத்து இளைத்தார்கள். கூர்மநாதர் தம் கோப்பில் தாமே கையெழுத்திட்டு உயர்வு பெற்று, அருளை எண்ணி உருகினார்.

மறு ஆண்டு மழைக்குப்பின் ஈச்சமரம் முழுவதும், குளத்தைச் சுற்றியும், எழுபது கூடுகள் புதிதாகத் தொங்கின. எல்லாவற்றிலும் சிவப்பு முள்முருங்கைப் பூ இருந்தது. சாவடியில் ஒருவரும் வரி செலுத்தவில்லை. ஆலமரத்தடியில் ஒருவரும் திரும்பக் கேட்கவில்லை. கூர்மநாதர் ஆண்டறிக்கையைச் சிங்கத்தின் முன் படித்தார்: “இவ்வாண்டு நம் காட்டில் வீடு கட்டியோர் எவருமில்லை. பக்தி பெருகியிருக்கிறது.” சிங்கம் மனம் நெகிழ்ந்து கர்ச்சித்தது.

நீதி: சொந்தமாக வீடு கட்டியவனே, ‘நான் கட்டினேன்’ என்னும் அகந்தையை விட்டுவிடு, விட்டால் குடியிருக்கலாம், விடாவிட்டால் வரிசையில் நிற்கலாம்.