கோட்டைக்குப் போகும் வழியில் பீன்ஸ்

ஆகஸ்ட் பிறந்த முதல் நாள், காலைக் காப்பியைக் குடித்து முடிக்கும்போதே அர்மான் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டார். பீன்ஸுக்கு நார் உரிப்பதற்காக ஆண்டவன் தன்னைப் படைக்கவில்லை.

பிரான்ஸில் லுவார் ஆற்றங்கரையில் பிறந்த எந்தக் குடும்பத்துக்கும் ஆகஸ்ட் என்றால் பீன்ஸ். தோட்டத்தில் காய்த்துத் தள்ளும். அதைப் பறித்து, இரண்டு முனையும் கிள்ளி, நார் உரித்து, கண்ணாடி ஜாடிக்குள் ஒவ்வொன்றாக நிறுத்தி, உப்புத் தண்ணீர் ஊற்றி, அண்டாவில் மூன்று மணி நேரம் கொதிக்க விடவேண்டும். பனிக்காலம் முழுக்க அதுதான் கறி. அர்மான் தரப்பில் மூன்று வீடு: அக்கா மார்சலின், அத்தை ஒர்தான்ஸ், சித்தி மகள் யுவெத். வீட்டுக்கு ஒரு நாள் வீதம் மூன்று நாள் போய் உதவவேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். முப்பத்தாறு வருஷமாக அவர் மனைவி ஒதீல் உதவினாள். ஆண்களோ தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவார்கள். ஒரு மீனும் அகப்படாது, அது வேறு விஷயம்.

இந்த வருஷம் ஒதீல் மெல்ல ஆரம்பித்தாள். "ஏங்க, உங்க அக்காவுக்குக் கை நடுங்குது. அத்தைக்குக் கண்ணு மங்குது. நீங்கதான் ரிட்டயர் ஆயாச்சே. தூண்டிலைப் பரண்மேல போட்டுட்டு நீங்களும் கூட உக்காருங்க."

அர்மான் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். அப்போதுதான் முட்டிவலி ஞாபகம் வந்தது.

"டாக்டர் என்னை சைக்கிள் ஓட்டச் சொல்லியிருக்கார் ஒதீல்."

"எப்போ?"

"போன வாரம். முட்டிக்கு நல்லதாம். ஆத்தங்கரையோரமா ஒரு நூறு கிலோமீட்டர் போயிட்டு வரலாம்னு இருக்கேன்."

"முட்டிக்குன்னா ரொட்டிக் கடை வரைக்கும் ஓட்டினா போதாதா? நூறு கிலோமீட்டர் எதுக்கு?"

"முட்டி ரெண்டு இருக்கே. ஆளுக்கு அம்பது."

ஒதீல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பொய்யைக் கண்டுபிடிப்பதில் அவள் கெட்டிக்காரி. ஆனால் அன்றைக்கு அவள் கண்டுபிடிக்கவேண்டியது ஒன்றும் இல்லை, ஏனென்றால் முட்டி பொய்யே தவிர ஆசை பொய்யில்லை.

சொமூர் ரயில் நிலையத்தில் முப்பத்து நாலு வருஷம் டிக்கெட் கொடுத்தவர் அர்மான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உலகமே வந்து நிற்கும். ஜப்பான்காரன் வருவான், பிரேசில்காரி வருவாள், கைகோத்த புதுமாப்பிள்ளையும் பெண்ணும் வருவார்கள். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றே: ஷெனொன்சோ கோட்டை. "தூர் ஸ்டேஷன் போய் வண்டி மாறுங்க. வலது பக்கம் உக்காருங்க, ஆறு தெரியும்" என்று அவர் சொல்லுவார். ஆறு வலது பக்கம்தான் தெரியுமா என்று அவருக்குத் தெரியாது. அவர் போனதில்லை. சொந்த ஊர்க் கோட்டை மலைமேல் நிற்கிறது. அதைத் தினம் பார்த்துப் பார்த்து, பார்ப்பதையே மறந்துவிட்டார். ஆனால் அந்த இன்னொன்று, ஆற்றின் குறுக்கே தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கிறதாமே, அதை நினைத்தால் இந்த வயதிலும் அவருக்கு நெஞ்சு என்னவோ செய்யும். ஊருக்கெல்லாம் வழி சொன்னவனுக்கு ஒரு நாள் அங்கே நிற்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று ஏக்கமாக இருக்கும். வெளியே சொன்னதில்லை. யாரிடம் சொல்வது?

"சரி, போயிட்டு வாங்க" என்றாள் ஒதீல்.

அர்மான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "நீ?"

"நீங்க இல்லாம நான் மட்டும் போய் என்ன பண்ண? இந்த வருஷம் நான் வரலைன்னு மூணு பேருக்கும் போன் பண்ணிச் சொல்லிடறேன். ஆகஸ்ட் மாசம் எங்கயும் ரூம் கிடைக்காது. தங்கறதுக்கு நானே ஏற்பாடு பண்றேன். நீங்க ராத்திரி எங்க இருப்பீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"முதல் ராத்திரி உஸ்ஸே. ரெண்டாவது அஸே. மூணாவது ஷெனொன்சோ."

அந்தக் கடைசிப் பெயரை மட்டும் அவர் மெல்ல, ருசித்துச் சொன்னார். ஒதீல் தலையைக் குனிந்து ரொட்டித் துணுக்குகளைத் துடைத்தாள். மூன்று கோட்டையும் மூன்று பீன்ஸ் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் மனிதருக்கு உறைக்கவே இல்லை. ஆசை கண்ணை மறைக்கும் என்பார்கள்.

வியாழக்கிழமை விடிந்ததும் புறப்பட்டார். காலை வெயில், ஆற்றில் மணல் திட்டு, திட்டில் கொக்கு. அர்மான் சீட்டியடித்துக்கொண்டு மிதித்தார். பிற்பகலில் திருப்பத்தில் உஸ்ஸேயின் வெள்ளைக் கோபுரங்கள் காட்டுக்கு முன்னால் எழுந்து நின்றன. அவர் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றினார். அப்போது பாலத்தடியில் யாரோ சமையல் மேலங்கியைக் கழற்றி வீசி வீசிக் காட்டினார்கள்.

அக்கா மார்சலின்.

"டேய், எவ்வளவு நேரமா நிக்கறது? ரெண்டு மணிக்கே வந்துடுவேன்னு உன் பொண்டாட்டி சொன்னாளே."

"அவளா சொன்னா?"

"ரூம் கேட்டாளே. நம்ம வீடு இருக்கும்போது எதுக்கு ரூம்னேன். முட்டிவலியாமே? உக்காந்து செய்யற வேலைதான், வா."

"அக்கா, அந்தக் கோட்டையை ஒரு எட்டு..."

"கல்லுடா அது. நாளைக்கும் இருக்கும். பீன்ஸ் இருக்குமா?"

அன்றைக்குப் பதினொரு கிலோ. மறுநாள் காலையில் அண்டா அடுப்பிலிருந்தது. அடுப்பு எரியும்போது வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் மனுஷனே இல்லை என்று அக்கா சொல்லிவிட்டாள். அது இறங்கி, சாப்பாடு போட்டு, பாலாடைக்கட்டி வைத்து, பிளம் பழப் பணியாரம் வைத்து, காப்பி கொடுத்து அவரை விட்டபோது மணி மூன்று. உஸ்ஸே முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

அர்மான் உஷாரானார். ஊருக்குள் நுழையும் நேர் சாலையை விட்டு, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டு அஸேக்குள் பூனை மாதிரி நுழைந்தார். அத்தை ஒர்தான்ஸுக்கு எண்பத்தெட்டு வயது. திராட்சைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதை முடியும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒதீல் சொன்னா, நீ இந்த வழியாத்தான் வருவேன்னு."

சமையலறையில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலி. "உக்காரு. உன் பொண்டாட்டி இடம் அது."

அர்மான் உட்கார்ந்தார். முதல் பீன்ஸைக் கிள்ளினார். நிமிர்ந்தார். நெட்டிலிங்க மரங்களுக்கு மேலே, நீலச் சாம்பல் நிறத்தில், கோட்டையின் கூரை தெரிந்தது. கூரை மட்டும். கீழே என்ன இருக்கிறது, தண்ணீரில் நிழல் எப்படி விழுகிறது, ஒன்றும் தெரியாது. கிள்ளினார், நிமிர்ந்தார். கிள்ளினார், நிமிர்ந்தார்.

"அத்தை, அதை எத்தனை மணிக்கு மூடுவாங்க?"

அத்தை கையை நிறுத்திவிட்டாள். "அவளும் இதையேதாண்டா கேப்பா."

"யாரு?"

"வேற யாரு? கல்யாணமாகி வந்த முதல் ஆகஸ்ட்லேருந்து. வருஷத்துக்கு ஒருதடவை, இதே நாற்காலியில. பீன்ஸ் முடியறதுக்குள்ள மூடிடுவாங்கன்னு நான் சொல்லுவேன். சரி அத்தைன்னு குனிஞ்சுக்குவா. ஷெனொன்சோவை ஒரு தடவை பாத்துடணும்னு உன்னைக் கேட்டாளாமே, புதுசுல?"

"என்னையா?"

"நீ டிக்கெட் ஜன்னலை மூடிட்டு வந்து, 'நாள் பூரா கோட்டை கோட்டைன்னு கேட்டுக் காது புளிச்சுப் போச்சு, வீட்டுலயும் அதேயா'ன்னு சொன்னியாம். அப்புறம் அவ கேக்கலை."

அர்மானுக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது. ஒரே வீட்டில், ஒரே ஆசையை, ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு முப்பத்தாறு வருஷம் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். அவரால் மேற்கொண்டு கிள்ள முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தை அதைத் தூக்கம் என்று நினைத்துக் காப்பி போட்டுக் கொடுத்து, இன்னும் ஒரு கூடையை நகர்த்தி வைத்தாள்.

சனிக்கிழமை நடுப்பகலில் விடுதலை கிடைத்ததும் வீட்டுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அவள் எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது அவருக்கே தெரியாது. சைக்கிளில் ஏறி மிதித்தார். தூர் நகரத்தில் நிற்காமல், தண்ணீர் குடிக்காமல், ஷேர் ஆற்றங்கரையோடு மிதித்தார்; கடைசியில் யுவெத் வீட்டுத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டார். பொய் சொன்ன முட்டி இரண்டும் இப்போது நிஜமாகவே வலித்தன.

ஷெனொன்சோ வாசலுக்கு வந்து சேர்ந்தபோது டிக்கெட் ஜன்னலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தவன் இவரைப் பார்த்து, "இன்னிக்கு முடிஞ்சுது, ஐயா" என்றான். இதே வாக்கியத்தை இதே குரலில் ஆயிரம் பேருக்கு அர்மான் சொல்லியிருக்கிறார். கேட்பதற்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கடைசிக் கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. மரத்தடி பெஞ்சில் ஒரு பெண்மணி காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாதத்தைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள். நல்ல நீல கவுன். கல்யாணத்துக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் போடுகிற கவுன்.

"ஒதீல்?"

"வந்துட்டீங்களா? உக்காருங்க. வேர்த்துக் கொட்டுது."

"நீ எப்படி இங்க?"

"ரயில்ல. தூர்ல வண்டி மாறினேன். நேத்து அஸே, முந்தாநாள் உஸ்ஸே. ரெண்டுலயும் உங்களைத் தேடினேன், காணோம்."

அர்மான் சண்டை போட வாயைத் திறந்தார். வேறு என்னவோ வந்தது. "உள்ளே எப்படி இருந்தது?"

அவள் கோட்டை இருந்த பக்கம் திரும்பினாள். "ஆத்துமேல ஒரு நீளமான கூடம். ரெண்டு பக்கமும் ஜன்னல். கீழ தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு. நடுவுல போய் நின்னுட்டேன். ஒரு பொண்ணு வந்து, யாருக்காவது காத்திருக்கீங்களா பாட்டின்னு கேட்டா. ஆமான்னு சொன்னேன். எத்தனை வருஷமான்னு சொல்லலை."

அர்மான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். விரல் நுனிகள் பச்சையாக இல்லை. பீன்ஸ் கறையில் பச்சையாக இருந்தது அவருடையது.

"அத்தை எல்லாம் சொன்னா" என்றார். "என்னைக் கூட்டிட்டுப் போறியா? நாளைக்கு?"

ஒதீல் கைப்பையைத் திறந்தாள். இரண்டு டிக்கெட். "காலைல திறந்ததும். நீங்க கேப்பீங்கன்னு தெரியும்."

அந்த மனிதருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மாலை வெயிலில் மரங்களுக்கு நடுவே கோட்டையின் ஒரு ஓரம் மட்டும் பொன்னாகத் தெரிந்தது. போதும், நாளைக்கு முழுசும் பார்க்கலாம், அவளோடு பார்க்கலாம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"சரி வா, ரூமுக்குப் போகலாம். எங்க எடுத்திருக்கே?"

"சத்திரத்துலதான். ஆனா ஒத்தைக் கட்டில் ரூம்தான் கிடைச்சுது."

"அப்போ நான்?"

ஒதீல் காலணியை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "யுவெத் வாசல்லயே காத்துக்கிட்டிருக்கா. பதினாறு கிலோவாம். இப்பவே உக்காந்தீங்கன்னா, கோட்டை திறக்கறதுக்குள்ள முடிச்சுடலாம்."