மூளைக்குத் தக்க கிழங்கு

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; அதில் எடப்புளி நாட்டில் அம்சவேணியின் மரவள்ளிக் காட்டைக் குரங்குக் கூட்டம் ஒரே காலையில் தோண்டித் தின்றுவிட்டது. குரங்குகளைப் பிடிக்க வேண்டும், திரும்ப நடுவதற்குக் குச்சி தர வேண்டும் என்று கேட்க அவள் பயிர்ச்சேத அலுவலகத்துக்குப் போனாள்.

அதிகாரி முருகானந்தம் அப்போதுதான் ஏதோ பயிற்சி வகுப்பு முடித்துத் திரும்பியிருந்தார். அங்கே கொடுத்த அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது.

"எலியோ, குரங்கோ, மனுசனோ, ஒரு மூளைச் செல்லுக்கு ஆகிற தீனி ஏறக்குறைய ஒண்ணுதாம்மா. செல் கூடினாத்தான் தீனி கூடும். விஞ்ஞானம் சொல்லுது."

"செரிங்க."

"குரங்குக்குச் செல் கம்மி. அந்த மூளைக்குக் காடு பூராவும் கிழங்கு எதுக்கு? ஆகவே இது செல் அதிகமா உள்ள பிராணியோட வேலை."

"அது எதுங்க?"

"மனுசன்."

"ஏனுங்க, குரங்குக்கு வயிறுன்னு ஒண்ணு இல்லீங்களா?"

"வயிறு நம்ம துறையில வராதும்மா."

அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியே ஒரு குரங்கு வந்து, மேசைமேல் இருந்த அவருடைய தயிர்சாத டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனது.

"பாத்தீங்களா!" என்று கத்தினாள் அம்சவேணி.

அதிகாரி கலங்கித்தான் போனார். ஆனால் கொள்கையை விடவில்லை. உதவியாளர் சுமித்ராவிடம், "இந்த ரூம்ல மூளை அதிகம் யாருக்கு?" என்று கேட்டார்.

"தங்களுக்குத்தான் சார்."

மறுக்க மனம் வரவில்லை. மேற்படி தயிர்சாதத்தைத் தாமே உண்டதாகக் குறிப்பெழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, சாயங்காலம் வரை பசியோடு உட்கார்ந்திருந்தார்.

பிறகு எங்கள் ஊருக்கே விசாரணைக்கு வந்தார். நாடு முழுக்கக் காணாமல் போன அத்தனை கிழங்கையும் தின்ற ஆள் வேண்டுமாம். மூளை உள்ளவர்கள் முன்னால் வரலாம் என்றார்.

சென்றாயன் கும்பிட்டான். "எனக்குக் குரங்கைவிடக் கம்மிங்க சாமி."

"எங்க ஊட்டுல ஆருக்குமே இல்லீங்க" என்றாள் ராமாயி.

நாங்களும் வரிசையாக அதையே சொன்னோம். அம்சவேணி மட்டும் முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு இருக்குதுங்க. அதனாலதான் கேக்க வந்தேன்."

அதிகாரிக்கு நிம்மதி. நாட்டில் போன கிழங்கு மொத்தத்தையும் அவளே தின்றதாக முடிவானது. குச்சியும் கிடையாது. அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். நாங்கள் தரையைப் பார்த்தோம். அப்புறம் அதிகாரிக்கு அன்னாசிப்பழம் அறுத்துக் கொடுத்து ஜீப்பில் ஏற்றிவிட்டோம்.

பயந்துபோய்ப் பொய்ச் சாட்சி சொன்னோம் என்று அவள் இன்றைக்கும் ஏசுகிறாள். அது அபாண்டம். அன்று நாங்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.