போட்டோஸ்டெட் கடையில் கஞ்சா வகுப்பு

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். நாலு பக்கத்தை நாப்பது காப்பி போட்டோஸ்டெட் எடுத்துட்டு வரணும்.

சுங்கை பினாங்ல எங்க பிளாட் இளைஞர் மன்றத்துக்கு நான்தான் செயலாளர். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். கஞ்சாவுக்குப் பசங்க என்னென்ன பேரு வச்சிருக்காங்க, அதெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு நான் பேசணும். ஒரு வாரமா தேடித் தேடிப் படிச்சதுல கண்ணு ரெண்டும் செக்கச்செவேல்னு ஆயிடுச்சு.

கிளம்புறப்ப அம்மா சொன்னாங்க: "ஞாயித்துக்கிழமை நிபோங் திபால்ல பொண்ணு பார்க்கப் போறோம். அதுக்குள்ள அவங்க பக்கத்துல இருந்து யாராச்சும் வந்து உன்னைப் பத்தி விசாரிப்பாங்க. வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு."

எனக்கு முப்பத்தி நாலு வயசு. இது ஏழாவது இடம். போட்டோ பார்த்ததுல இருந்து அந்தப் பொண்ணை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. சும்மா இருக்கணும்னுதான் நெனச்சேன்.

கடையில மெஷின் ஆமை மாதிரி ஓடுச்சு. பின்னாடி ஒரு பெரியவர் வந்து நின்னார்.

"இதான் வரிசையா தம்பி?"

அவ்வளவுதான் கேட்டார். ஆமான்னு சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனா அவர் கண்ணு என் காகிதத்து மேல போச்சு. எனக்கு நாக்கு அரிச்சிடுச்சு.

"கஞ்சாங்கிறது இந்தியா வார்த்தை அங்கிள். கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்ம ஆளுங்கதான் ஜமைக்கா வரைக்கும் கொண்டுபோனாங்க."

"அப்படியா."

"டோப்னு சொல்றாங்கல்ல? அது டச்சுக்காரங்க குழம்புக்கு வச்ச பேரு."

"குழம்பா?"

"குழம்புதான் லா. அப்புறம் ஃபோர் டுவென்டி. போலீஸ் கோடுன்னு சொல்வாங்க, நம்பாதீங்க. அமெரிக்காவுல பள்ளிக்கூடப் பசங்க சிலர் கஞ்சா அடிக்க சாயங்காலம் நாலு இருபதுக்கு ஒண்ணு கூடுவாங்க. அந்த நேரந்தான் பேரா நின்னுடுச்சு."

அவர் என் கண்ணையே பார்த்தார். "இவ்வளவும் எப்படித் தம்பி தெரியும்?"

"ஒரு வாரமா ராத்திரி பகலா இதேதான் அங்கிள்."

பெருமையா சொன்னேன். கேட்காமலே என் பேரு, அம்மா பேரு, எட்டாவது மாடி எல்லாத்தையும் சொன்னேன். பெற்றோர் கூட்டத்தைப் பத்தி மட்டும் சொல்லலை.

வீட்டுக்கு வந்தா அம்மா போனைக் கையில வச்சுக்கிட்டு அழுதுட்டிருந்தாங்க. அந்தப் பெரியவர் பொண்ணோட தாய்மாமா. கடைக்காரர்கிட்ட என்னைப் பத்தி விசாரிக்க வந்தவராம். "பையன் கஞ்சா விஷயத்துல கரைகண்டவன் போல"ன்னு அம்மாகிட்டயே சொல்லிட்டார்.

உடனே அவருக்குப் போன் போட்டு விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, "எதுக்கும் ஒரு யூரின் டெஸ்ட் எடுத்து அனுப்புங்க தம்பி"ன்னார்.

இங்க வேலைக்குச் சேரத்தான் யூரின் டெஸ்ட் கேப்பாங்க. பொண்ணு பார்க்கக் கொடுத்தவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

கிளினிக்ல டப்பாவை நீட்டின நர்ஸ் அக்கா, "எதுக்குத் தம்பி டெஸ்ட்?"னு கேட்டாங்க. கால் மணி நேரம் சொன்னேன். மறுபடியும் ஜமைக்காவுக்குப் போயிட்டு வந்தேன்.

"மொதல்ல டப்பாவை நிரப்புங்க லா"ன்னாங்க.

ரிசல்ட் சுத்தம். படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். கூடவே விளக்கமா மூணு வாய்ஸ் மெசேஜ்.

பதில் வந்துச்சு: "ரிசல்ட் நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமை வாங்க. பேசுறதை அம்மா பாத்துக்கட்டும்."

"ஓகே மாமா"ன்னு மட்டும் அனுப்பினேன். டைப் பண்ணி அழிச்சது ரெண்டு பக்கம்.