வேலிக்குத் தைத்த சட்டை

பெருமதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

தங்கள் தம்பி மகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு மனிதர்கள் மூவரும் நலம். செடிகொடிகளின் நலத்தைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். தங்கள் முழங்கால் வலி மாடி ஏறும் அளவுக்காவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தொலைபேசி இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். தொலைபேசியில் பேசினால் அப்பா எனக்கு எதிரில் வந்து நின்றுகொண்டு, ‘எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லு’ என்று புருவத்தாலேயே பேசுகிறார். அந்தப் புருவத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு உண்மை பேச வரவில்லை. மேலும் இது ஐந்து பக்க விஷயம்.

சென்ற மாதம் தாங்கள் அப்பாவிடம், “வெயில் காலத்துக்கு நான் வரும்போது பின்னாடி இதே மாதிரி காடா கிடந்துச்சுன்னா, கொத்தனாரை வரவெச்சு மொத்தத்தையும் சிமெண்ட் போட்டு மூடிடுவேன்டா. காராவது நிக்கும்” என்று சொன்னீர்கள். வீடு தங்களுடையது, நாங்கள் அதில் குடியிருப்பவர்கள், ஆகவே சொல்லத் தங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் என் நிலைமையையும் கேளுங்கள். முன்னறையில் அப்பாவின் இரண்டு தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. உள்ளறையில் இரவுப் பணி முடித்து வந்த அம்மா பகலில் தூங்குகிறார்; நோயாளிகளைக் கவனித்துப் பழகிய காது என்பதால், நான் பக்கம் புரட்டினாலே “யாருக்கு என்ன?” என்று எழுந்துவிடுகிறார். சமையலறையில் படித்தால் புத்தகத்தில் எண்ணெய் படிந்து நூலகர் கோபித்துக்கொள்கிறார். காடு மூடுவதற்கு முன்னால் கொய்யா மரத்தடித் துவைகல்லில்தான் நான் உட்கார்ந்து படிப்பேன். இரண்டு வருடமாக மாடிப்படியில் படிக்கிறேன், ஏறி இறங்குகிறவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள். அந்தக் கல்லையும் சிமெண்ட் மூடிவிட்டால் எனக்குப் படிக்க இடமே இல்லை. ஆகவே இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கொத்தனாரிடம் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தோட்டத்தைச் சீர்செய்யத் தீர்மானித்த முதல் நாளே பின்கதவு திறக்கவில்லை. மழைக்கு ஊறி ஊதிவிட்டது என்று அப்பா தோளால் இடித்தார், அப்புறம் நானும் அப்பாவும் சேர்ந்து இடித்தோம், அப்புறம் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த அம்மாவும் சேர்ந்து இடித்தார். கடைசியில் நான் பக்கவாட்டுச் சந்து வழியாக நுழைந்து சுற்றிப்போய்ப் பார்த்தால், ஒரு கொடி தாழ்ப்பாளில் ஏழு சுற்றுச் சுற்றி வெளிப்பக்கமாகக் கட்டிப்போட்டிருந்தது. தோட்டம் நம்மை உள்ளே விடாமல் பூட்டியிருக்கிறது என்றேன். அப்பா உள்ளேயிருந்து, “வசனம் அப்புறம் பேசலாம் பாப்பா, முதல்ல அதை வெட்டு” என்றார். அப்பாவின் கத்தரிக்கோலை எடுத்துத் தரச் சொன்னேன். அதற்கு அப்பா சொன்னதை நான் எழுத விரும்பவில்லை. துணியைத் தவிர வேறு எதையும், ஒரு காகிதத்தைக்கூட, அந்தக் கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது என்பது தாங்கள் அறிந்ததே. வெங்காயம் நறுக்கும் கத்தியால் அறுத்தேன். அரைமணி நேரம் ஆயிற்று.

பிறகு நூலகத்திலிருந்து தோட்டப் புத்தகம் ஒன்று எடுத்துவந்தேன். எதையும் பிடுங்குவதற்கு முன் ஒரு வாரம் தோட்டத்தை உற்று நோக்க வேண்டும் என்று அதில் முதல் பாடத்திலேயே போட்டிருந்தது. அம்மாவிடம் சொன்னேன். “ரெண்டு வருஷமா உத்துப் பாத்துக்கிட்டுதானே இருக்கோம், போதாதா?” என்றார். இருந்தாலும் நான் முறைப்படி செய்தேன். புத்தகத்தில் படம் உள்ள செடியை விட்டுவைத்தேன், படம் இல்லாததைப் பிடுங்கினேன். இதில் ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது. புதினாவைப் போலவே இலை உள்ள ஒன்றைப் பாத்தி கட்டி, பத்து நாள் தண்ணீர் ஊற்றி, முழங்கால் உயரம் வளர்த்துவிட்டு, வாசனை எப்படி இருக்கிறது பாருங்கள் என்று அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா இரண்டு கையாலும் கசக்கி முகர்ந்து பார்த்தார். அது காஞ்சொறி. அன்று அப்பாவால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. மூக்கு மூன்று நாள் சிவந்திருந்தது. அதற்கும் புத்தகத்தில் படம் இருந்தது அத்தை, ஆனால் ‘தவிர்க்க வேண்டியவை’ என்ற கடைசிப் பாடத்தில். நான் அதுவரை வரவில்லை.

அடுத்து வேலி. வேலிச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, பக்கத்து வீட்டையே மறைத்துவிட்டிருந்தது. அதை நெஞ்சு உயரத்துக்கு ஒரே சீராக வெட்டிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்று அப்பா சொன்னார். அளவெடுக்காமல் அப்பா எதையும் வெட்டமாட்டார். “கண்ணு பொய் சொல்லும், டேப்பு சொல்லாது” என்பார். ஆகவே வேலியை டேப்பால் அளந்து, எவ்வளவு விடுவது, எவ்வளவு வெட்டுவது என்று கணக்குப் போட்டு, அளவுப் புத்தகத்திலேயே குறித்துக்கொண்டார். அப்பா அந்தப் புத்தகத்தில் யார் பெயரும் எழுதுவதில்லை, எண் மட்டும்தான். பெயர் எழுதினால் முன்னால் திரு, பின்னால் அவர்கள் என்றெல்லாம் எழுத வேண்டியிருக்கும், எண்ணுக்கு மரியாதை தேவையில்லை என்பது அவர் கருத்து. எண் எழுதிய சீட்டைத் துணியில் குண்டூசியால் குத்திவைப்பார். வேலியிலும் ஒரு சீட்டைக் குத்தினார். வேலியின் எண் அறுபத்தொன்று. அறுபத்திரண்டு, எங்கள் பள்ளித் தலைமையாசிரியரின் வெள்ளைச் சட்டை. இரண்டு சீட்டையும் ஒரே நேரத்தில் எழுதி ஒரே பையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கும் கடைக்கும் நடந்ததில், அறுபத்திரண்டு வேலிக்குப் போய்விட்டது, அறுபத்தொன்று சட்டைத் துணிக்கு வந்துவிட்டது.

நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது வேலி என் இடுப்பு உயரத்துக்கு, கோடு போட்ட மாதிரி, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரைக்கும் இருபத்தொன்பது அங்குலத்தில் நின்றது. அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “கொஞ்சம் குட்டையாத்தான் தெரியுது, ஆனா அளவு அதான்” என்றார். துணியாக இருந்தால் பிரித்துத் தைக்கலாம், ஒட்டுப் போடலாம். வேலியை என்ன செய்வது? அன்று மாலையே அதே நம்பிக்கையோடு சட்டையையும் வெட்டித் தைத்துவிட்டார். நீளம், வேலியில் விடவேண்டிய நாற்பத்தெட்டு; மார்பு, வெட்டவேண்டிய ஐம்பத்துநாலு. தைக்கும்போதே சந்தேகம் வந்ததாம். “மனுசன் கொஞ்சம் சதை போட்டுட்டார்போல” என்று நினைத்துக்கொண்டாராம். எங்கள் தலைமையாசிரியர் கொடிக்கம்பம் மாதிரி இருப்பார் அத்தை.

சனிக்கிழமை அவர் சட்டை போட்டுப் பார்க்க வந்தார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன், ஒட்டுக்கேட்பதற்காக அல்ல, அந்த நேரத்தில் வெளியே வருவது முறையாக இருக்காது என்பதால். அவர் சட்டைக்குள் நுழைந்து வெளியே தலையைக் காட்டக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“இது யாரோட சட்டை?”

“உங்களுதுதான் சார்.”

“சரி. என்கூட வேற யாரெல்லாம் இதுக்குள்ள வரப்போறாங்க?”

அப்பா அளவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டி, இது வேலியோட அளவு சார், உங்க அளவுல வேலியை வெட்டிட்டேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். தலைமையாசிரியர் பின்பக்கம் போய், வேலியின் பக்கத்தில் நின்று பார்த்தார். வேலி அவருடைய வழக்கமான சட்டையின் நீளத்துக்குச் சரியாக இருந்தது. “தோள்பட்டை நல்லா வந்திருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமா கேலியா என்று எங்கள் மூவருக்கும் இன்றுவரை தெரியவில்லை. அப்பா வேறு துணி எடுத்து வேறு சட்டை தைத்துக் கொடுத்துவிட்டார். வகுப்பில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ‘வேலி எப்படி இருக்கு?’ என்று கேட்கிறார். வளர்கிறது ஐயா என்கிறேன்.

வேலி குட்டையானதன் விளைவு அடுத்த நாளே நடந்துவந்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஓர் ஆடு வளர்க்கிறார். அது இருபத்தொன்பது அங்குலத்தைத் தாண்டி வந்து, நான் வரிசையாக முளைக்கவைத்திருந்த அவரைக் கன்றுகளை முதல் வரிசையிலிருந்து ஒழுங்காகத் தின்றுகொண்டே போனது. அப்பா தபால்காரரிடம் முறையிடப் போனார். அவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமலே, “என் ஆடு ரெண்டு வருசமா அந்தப் பக்கம் ஒரு உலகம் இருக்குன்னே தெரியாம வளந்துச்சுங்க. நீங்கதான் திறந்து காட்டுனீங்க. இப்ப அதுகிட்ட போய்த் தெரியாத மாதிரி இருன்னா இருக்குமா?” என்றார். அப்பா திரும்பி வந்துவிட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், தென்பக்கக் களையை நாங்கள் பத்து நாளில் பிடுங்கியிருப்போம், ஆடு அவரையை முடித்த கையோடு அதை இரண்டே நாளில் முடித்துக்கொடுத்துவிட்டது. காஞ்சொறியை மட்டும் தொடவில்லை. அது புத்தகம் படிக்காமலே தெரிந்துவைத்திருக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குழாய்க்காரர் வந்து குனிந்து பார்த்து, “வேர் உள்ள போய் உக்காந்திருக்கு” என்று சொல்லி எதையோ வெட்டி எதையோ மாட்டினார். தண்ணீர் வந்தது, ஆனால் பாதி குழாயிலும் பாதி குளியலறைச் சுவரிலும் வந்தது. மறுபடி அவரைக் கூப்பிட்டிருக்கிறோம், நாளை வருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே ஒன்பது நாள் ஆகிறது. இந்தக் கட்டத்தில்தான் அம்மா பொறுப்பை எடுத்துக்கொண்டார். மருத்துவமனையில் வீசி எறியும் குளுக்கோஸ் பாட்டில்களைக் கேட்டு வாங்கிவந்து, கழுவி, தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் குச்சி நட்டுத் தலைகீழாகத் தொங்கவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று சொட்டுக் குழாயின் சக்கரத்தைத் திருகிவிட்டார். எலுமிச்சைக்கு இருபது, கத்தரிக்குப் பதினைந்து. வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை சுற்றிப் பார்க்கிறார். தோட்டத்துக்குள் யாராவது சத்தமாகப் பேசினால், “வெளிய போய்ப் பேசுங்க” என்கிறார். தோட்டமே வெளியேதான் இருக்கிறது என்று அப்பா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. உச்சிவெயிலுக்கு நாற்றுகள் வாடாமல் இருக்க நிழல் வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. தலைமையாசிரியரின் பழைய, அதாவது வேலியின், சட்டையை இரண்டு கைகளிலும் கழி நுழைத்துப் பந்தலாகக் கட்டிவிட்டோம். பதினெட்டு தக்காளி நாற்றுகள் அதன் அடியில் சௌகரியமாக இருக்கின்றன.

இன்றைய நிலவரம் இதுதான். காய்ந்துவிட்டது என்று நாங்கள் கைவிட்ட எலுமிச்சையில் பதினொரு புது இலைகள். கொய்யாவுக்குப் போகும் வழி தெரிகிறது. துவைகல் தெரிகிறது, நேற்று அதில் உட்கார்ந்து பன்னிரண்டு பக்கம் படித்தேன், எறும்பு கடித்ததால் எழுந்துவந்தேன். மதில் ஓரமும் வடிகாலும் இன்னும் காடாகத்தான் இருக்கின்றன, அதை மறைக்க விரும்பவில்லை. அப்பா தினமும் காலையில் கடை திறக்குமுன் இரண்டு மணி நேரம் மண்வெட்டி பிடிக்கிறார். சட்டைப் பித்தான் அறுந்தால்கூட எழுந்திருக்காத மனிதர் என்று தாங்கள் சொல்லும் அதே அப்பாதான். இத்தனை இடைஞ்சலையும் எழுதியது தங்களைச் சிரிக்கவைக்க அல்ல, இவ்வளவுக்கும் பிறகும் நாங்கள் விடவில்லை என்பதைக் காட்டத்தான். ஆகவே கொத்தனாரை நிறுத்திவைக்கும்படியும், தங்கள் வருகையை இரண்டு வாரம் மட்டும் தள்ளிவைக்கும்படியும் தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

அம்மா தங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். அப்பா எதுவும் சொல்லவில்லை, இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. தங்கள் ஆசி எனக்கும், சிறிதளவு எலுமிச்சைக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தம்பி மகள்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை கேட்டுச் சமையலறைக்குப் போனேன். அம்மா ஈரக்கையோடு நின்றதால், அலைபேசியை அலமாரியில் சாய்த்துவைத்து, சத்தமாகக் கேட்கும்படி போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் தாங்கள்.

“என்னம்மா, நம்ம ஆள் மண்வெட்டியத் தொட்டானா இல்லையா?”

“தொட்டாராவா? தோட்டத்த விட்டு உள்ள வரமாட்டேங்கறாரு அண்ணி. கொத்தனாருக்குச் சொல்லிட்டீங்களான்னு தினம் என்னைப் போட்டு அரிக்கறாரு.”

“எந்தக் கொத்தனாரு? எனக்கு ஒரு கொத்தனாரையும் தெரியாது. காருக்கு நான் எங்க போவேன்? சும்மா ‘சிமெண்ட்’னு ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லாட்டி அவன் அந்தப் பின்கதவத் திறப்பானா?”

“அது எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணி.”

இருவரும் சிரித்தீர்கள். நான் பசையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்துவிட்டேன்.

ஆகவே மேலே கண்ட ஐந்து பக்க வேண்டுகோளுக்கு அவசியமே இல்லை என்று தெரிகிறது. கிழித்துப்போட மனம் வராததால் அப்படியே அனுப்புகிறேன். அதற்குப் பதிலாக வேறு ஒரே ஒரு வேண்டுகோள். அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டாம். மதில் ஓரமும் வடிகாலும் பாக்கி இருக்கின்றன, நான் போட்ட கணக்குப்படி இன்னும் பத்து நாள் வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வேகம் கொஞ்சம் குறையலாம் என்று தோன்றுகிறது. அன்று காலை எட்டு மணிக்குள் அவரைத் தொலைபேசியில் அழைத்து, பின்பக்கம் முழுவதுக்கும் எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும் என்று மட்டும் ஒருமுறை கேட்டுவைக்கவும்.